படித்த புத்தகமும் ராத்திரிச் சோறும்: ஒரே நோட்டில் எழுதி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். ராத்திரி என்ன ஆக்கினோம், வீட்டில் யார் எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தோம் என்ற இரண்டையும் தேதிவாரியாக அதில் எழுதி வருகிறோம். வீட்டுக்கு வரும் ஒரம்பரை (உறவுக்காரர்கள்) அதை எடுத்துப் புரட்டுவார்கள், கேள்வி கேட்பார்கள். புத்தகத் திருவிழாக்களில் பழக்கமானவர்களும் தாங்கள் ஆரம்பிக்க வேண்டுமென்று விவரம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே ஒரே இடத்தில்.

தின்றது செரித்துப் போச்சு. அதை எழுதி வைத்து என்ன ஆகப் போகிறது?

பொழுதோடு அடுப்படிக்குள் நுழையும்போது எல்லார் வீட்டிலும் வரும் கேள்வி ஒன்றுதான்: ராத்திரிக்கு என்ன ஆக்குவது? போன வாரம், போன மாதம், போன வருஷம் இதே பருவத்தில் என்ன ஆக்கினோம் என்று கண்ணில் பட்டால் அந்தக் கேள்வி பாதி தீர்ந்துவிடும். மறந்தே போயிருந்த பதார்த்தம் திரும்பி வரும். கார்த்திகை, மார்கழிப் பக்கங்களைப் புரட்டினால் பச்சை மொச்சைக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துத்தான் சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போவோம்.

இது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. தினசரி காலண்டர் தாளில் பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, தோட்டத்து ஆள் கூலி என்று நம் வீடுகளில் ஏதாவது ஒரு கணக்கு எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மொய் நோட்டைப் பாருங்கள். ஊர், பெயர், தொகை, அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்து அந்த வீட்டு விசேஷத்துக்குப் போகும்போதும் அந்த ஒரு வரி உதவுகிறது. சோற்றுக்கும் புத்தகத்துக்கும் எழுதும் வரியும் அதே அளவில் இருந்தால் போதும்.

இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைக்கக் கூடாதா?

வைக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை, புத்தகத்துக்கென்று மட்டும் வைத்த நோட்டு நீடிப்பதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு மாதம் ஒரு புத்தகம் முடிந்தாலே பெரிது. மாதத்துக்கு ஒருதரம் திறக்கும் நோட்டு எங்கே இருக்கிறதென்று தேடுவதற்குள் எழுத நினைத்தது போய்விடும். சோறு தினமும் ஆக்குகிறோம், அதனால் நோட்டும் தினமும் திறந்துவிடுகிறது. புத்தகம் முடிந்த அன்றைக்குக் கூடுதலாக ஒரு வரி எழுதுவது சுமையே இல்லை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். தேதி ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று நினைவில் பிடித்து வைக்கின்றன. ஐப்பசி மழையில் கரண்ட் போன ராத்திரி, கொள்ளு ரசம், சுட்ட அப்பளம், எமர்ஜென்சி விளக்கில் முடித்த நாவல் என்று ஒரே இடத்தில் இருந்தால், அந்த நாவலின் கடைசி அத்தியாயம் எனக்கு மறக்காது. புத்தகப் பெயர் மட்டும் வரிசையாக இருக்கும் பட்டியலைப் படித்தால் அப்படி எதுவும் எழுந்து வருவதில்லை.

எதில் எழுதுவது? நோட்டா, போனா?

கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதில். வீட்டில் நான்கு பேர் எழுதுவதென்றால் என் ஓட்டு நோட்டுக்குத்தான். போன் ஒருவருடையது, நோட்டு வீட்டினுடையது.

கோடு போட்ட, கெட்டி அட்டை நீள நோட்டு வாங்குங்கள். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். ஒரு நாள் விட்டால் வெறும் பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும், பொங்கல் அன்றைக்கோ இடம் பத்தாது. சமையலறையில் ஈரக்கை தவிர்க்க முடியாது, ஆகவே ஜெல் பேனாவும் மைப்பேனாவும் ஆகாது, தண்ணீர் பட்டால் ஓடிவிடும். சாதாரண பால் பாயிண்ட் பேனா நிற்கும், பென்சிலும் நிற்கும். பேனாவை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள் போய்விடும்.

போனில் அல்லது கணினியில் வைப்பவர்கள் கூகுள் ஷீட் மாதிரி ஏதாவது ஒன்றில் தேதி, சோறு, புத்தகம், குறிப்பு என்று நான்கு பத்தி போட்டால் போதும். தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-08-14 என்று எழுதினால் வரிசைப்படுத்தும்போது குழம்பாது. யுனிகோடிலேயே தட்டச்சுச் செய்யுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒரு பதார்த்தத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. ஒரு நாள் ‘அரிசிம்பருப்பு’, மறுநாள் ‘அரிசி பருப்பு சாதம்’ என்று எழுதினால் தேடும்போது பாதிதான் கிடைக்கும்.

புத்தகத்துக்குக் குட்ரீட்ஸ் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. 2007இல் தொடங்கிய தளம், நல்ல வசதிதான். ஆனால் தமிழ்ப் புத்தகம் அதில் ஒருதரம் தமிழ் எழுத்திலும் இன்னொருதரம் ஆங்கில எழுத்திலும் இரண்டாகப் பதிந்திருப்பது சகஜம். சில புத்தகம் இருக்கவே இருக்காது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஒரு நாளுக்கு என்னென்ன எழுத வேண்டும்?

எங்கள் நோட்டின் நடையில் சில வரி காட்டுகிறேன். சிப்பம் என்பது அரிசி மூட்டை, சந்தகை எங்கள் பக்கத்து இடியாப்பம், அமுச்சி அம்மாவின் அம்மா.

‘ஆவணி 12, வியாழன். அரிசிம்பருப்பு, கத்திரிக்காய்த் தொக்கு, தயிர். புது சிப்பம், தண்ணி அரை டம்ளர் குறைச்சாச்சு, சரியா இருந்துச்சு.’

‘ஆவணி 13, வெள்ளி. சந்தகை, தேங்காய்ப்பால், தக்காளிக் குழம்பு. பெரியவன் பிழிஞ்சான். அமுச்சிக்கு எலுமிச்சைச் சந்தகை தனியா.’

‘ஆவணி 14, சனி. மதியச் சோறு, மோர், வெங்காயம். யாருக்கும் பசியில்லை. வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிற கதை படிச்சு முடிச்சார், லைப்ரரிப் புத்தகம், திங்கள் திருப்பணும்.’

என்ன ஆக்கினோம், எது மாறியது, யார் இருந்தார்கள். இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே அந்த வரி பிழைத்துக்கொள்ளும். சுவை எப்படி என்று எழுதினால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘நல்லா இருந்துச்சு’ என்பது அடுத்த வருஷம் உதவாது, ‘புளி கம்மி பண்ணினதால நல்லா இருந்துச்சு’ என்பது உதவும்.

அமுச்சியின் ‘ஒரு கை’, ‘கண்ணளவு’ இதையெல்லாம் எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்வேன். பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

அவர்களிடம் அளவைக் கேட்காதீர்கள். கேட்டால் ‘போதுமான அளவு போடு கண்ணு’ என்றுதான் வரும். அவர்கள் ஆக்கும்போது பக்கத்தில் ஒரு தட்டத்தை வைத்து, ‘அமுச்சி, சட்டியில போடறதுக்கு முந்தி இதுல போடுங்க’ என்று சொல்லுங்கள். கையால் அள்ளிப் போட்டதைச் சமையல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு சட்டியில் கொட்டுங்கள். ஒரே பதார்த்தத்துக்கு இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் அவர்கள் கையளவு எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று தெரியும். எந்த டம்ளர், எந்தப் போசி என்பதையும் எழுதுங்கள். பழைய பித்தளை டம்ளரும் கடையில் வாங்கிய எவர்சில்வர் டம்ளரும் ஒரே அளவு பிடிக்காது. நோட்டின் முதல் பக்கத்தில் ‘நம் டம்ளர் = இத்தனை மில்லி’ என்று ஒருதரம் எழுதிவிட்டால் பிறகு எங்கும் டம்ளர் என்று போட்டுக்கொள்ளலாம்.

அளவைவிட முக்கியமான விவரங்கள் சில இருக்கின்றன. அரிசி புதுசா பழசா என்பது ஒன்று. புது அரிசி குறைந்த தண்ணீரிலேயே குழைந்துவிடும், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். அரிசிம்பருப்பு ஒருநாள் உதிரியாகவும் ஒருநாள் களியாகவும் வருவதற்கு நிறைய வீடுகளில் இதுதான் காரணம். ஆகவே 25 கிலோ சிப்பம் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். கொள்ளு ராத்திரியே ஊறியதா, வறுத்து வேக வைத்ததா என்பது இன்னொன்று. கொள்ளு ஒருதரம் வெந்தால் நமக்கு இரண்டு பதார்த்தம்: வடித்த தண்ணீரில் ரசம், பருப்பில் கடைசல். தண்ணீரை எப்போது வடித்தார்கள், கடைவதற்கு எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று கவனித்து எழுதுங்கள். சமையல் குறிப்புகளில் இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

செலவு ரசத்துக்குச் செலவுச் சாமான் (அந்த ரசத்துக்கான மசாலாச் சரக்கு) எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பதைக்கூட எழுதலாம். எல்லாக் கடையிலும் ஒரே சேர்மானமாக இருக்காது.

தமிழ் மாதமா, இங்கிலீஷ் தேதியா?

முடிந்தால் இரண்டும். காலண்டர் தாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. பருவமும் நோம்பியும் தமிழ் மாதத்தோடு போகிறவை. புரட்டாசியில் கவிச்சி கிடையாது, ஐப்பசியில் நாட்டுக்கோழிக் குழம்பு திரும்பி வரும். ஆடி பதினெட்டு, காப்புக்கட்டு, பட்டிப் பொங்கல் எல்லாம் தமிழ்த் தேதியில் தேடினால்தான் சட்டென்று கிடைக்கும். பள்ளிக்கூடம், ஆபீஸ், லைப்ரரித் தவணை எல்லாம் இங்கிலீஷ் தேதி.

தினமும் ரசமும் தோசையும்தான். அதையும் எழுதணுமா?

அதைத்தான் எழுதணும்.

விருந்துச் சாப்பாடு எழுதாமலே நினைவிருக்கும். ஒப்பிட்டு (போளி) சுட்ட நாளை யாரும் மறக்க மாட்டார்கள். சாதாரண நாட்களைத்தான் காலம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு வீடு உண்மையில் எப்படி வாழ்ந்தது என்று நாளைக்குப் பேரன் பேத்திக்குத் தெரிய வேண்டுமானால், உப்புமா ஆக்கிய திங்கட்கிழமையும், அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து அப்பா கஞ்சி வைத்த ராத்திரியும் அதில் இருக்க வேண்டும். நல்ல நாளை மட்டும் பொறுக்கி எழுதும் நோட்டு எனக்குப் பிடிக்காது, அது வீட்டைக் காட்டாது.

கடையில் வாங்கிச் சாப்பிட்டால்?

‘கடைப் புரோட்டா’ என்று எழுதினால் முடிந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், தறிக்குடோனில் ராத்திரி வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில்தான் சாப்பாடு. அங்கே ‘ராத்திரிச் சோறு’ என்பதை ‘எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரு வேளை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு மத்தியானமாக இருந்தாலும் சரி.

பாதியில் விட்ட புத்தகத்தை எழுதலாமா?

எழுதுங்கள், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் என்பதோடு. ‘120ஆம் பக்கம், ஆள் பெயர் குழம்புது’ என்று இருந்தால் இரண்டு வருஷம் கழித்து அதே புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு ஆரம்பிப்பீர்கள். அந்த வயதில் பிடிக்காதது இந்த வயதில் பிடிக்கும். அப்படி இரண்டாவது தரம் எடுத்து முடித்த புத்தகங்கள்தான் எனக்கு நெருக்கமானவை.

எது புத்தகக் கணக்கில் வரும்? வார இதழ், பிள்ளைகள் புத்தகம், போனில் படிப்பது?

முழுதாகப் படித்தது எதுவானாலும் வரும். பிள்ளைக்கு வாசித்துக் காட்டிய பதினாறு பக்கப் படக்கதையும் புத்தகம்தான். வார இதழ் எனக்குக் கணக்கில்லை, ஆனால் அதில் வந்த நல்ல சிறுகதை ஒன்றைத் தனியாகக் குறித்து வைப்பேன். 1998இல் ஆரம்பித்த மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய இலக்கியங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே படித்ததைப் ‘போனில்’ என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள், பிறகு அலமாரியில் போய்த் தேடாமல் இருக்கலாம்.

புத்தகத்தைப் பற்றி என்னென்ன விவரம்?

பெயர், எழுதியவர், பதிப்பகம், எங்கிருந்து வந்தது. இது குறைந்தபட்சம். மொழிபெயர்ப்பாக இருந்தால் மொழிபெயர்த்தவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், அவருடைய உழைப்பைத்தான் நாம் படித்திருக்கிறோம்.

ஆர்வம் இருந்தால் முதல் பதிப்பு ஆண்டையும் சேர்க்கலாம். புத்தகத்தின் ஆரம்பத்தில் விலையும் அச்சக விவரமும் இருக்கும் பக்கத்தில் அது பெரும்பாலும் இருக்கும். கொங்கு வாழ்க்கையை எழுதிய ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ முதலில் 1942இல் வந்தது. இன்று கடையில் வாங்கும் பிரதியில் அண்மைப் பதிப்பின் ஆண்டு பெரிதாக இருக்கும். அதை மட்டும் குறித்தால் சுதந்திரத்துக்கு முந்தைய தோட்டங்காடுகளைப் படித்தோம் என்பதே பட்டியலில் தெரியாமல் போகும்.

பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண் (ஒவ்வொரு புத்தகப் பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) 2007 முதல் 13 இலக்கம், அதற்கு முன் 10. இந்தியப் புத்தகங்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று ஆரம்பிக்கும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் இந்த எண்ணே கிடையாது. கணினியில் வைப்பவர்களுக்குத்தான் அது பயன்படும், நோட்டுக்கு வேண்டாம். எத்தனை பக்கம் படித்தேன் என்று கூட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஒரே நாவல் ஒரு பதிப்பில் 200 பக்கம், எழுத்தைப் பெரிசு பண்ணிய இன்னொன்றில் 280 பக்கம் இருக்கும்.

வாங்கி வைத்துப் படிக்காமல் கிடப்பவை?

நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா, கோவை கொடிசியா புத்தகத் திருவிழா என்று ஆடி, ஆவணியில் பை நிறைய வாங்கி வந்துவிடுகிறோம். வீடு வந்த அன்றைக்கே பட்டியல் போட்டுவிட்டு, படித்ததும் அடித்துவிடுங்கள். அடுத்த வருஷம் திருவிழாவுக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரே புத்தகத்தை இரண்டு தரம் வாங்க வேண்டியிருக்காது.

இரவல் கொடுத்ததும் அங்கேயே. புத்தகம், யாருக்கு, தேதி. திருப்பிக் கேட்கச் சங்கடப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: ‘அந்தப் புத்தகம் எப்படி இருந்துச்சுங்க?’ என்று கேளுங்கள். படித்திருந்தால் பேச்சு நடக்கும், படிக்காவிட்டால் புத்தகம் வந்துவிடும்.

மதிப்பெண், வருஷ இலக்கு போடலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. வருஷத்துக்கு ஐம்பது என்று இலக்கு வைத்தால் கை தானாகச் சின்னப் புத்தகத்தைத் தேடும். பெரிய நாவலை எடுக்கப் பயம் வரும். சமையலுக்கு மதிப்பெண் போடுவது இன்னும் மோசம். ஆக்கியவர் எழுதினால் ஒரு மாதிரி, சாப்பிட்டவர் எழுதினால் இன்னொரு மாதிரி, மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஒரம்பரை வந்த நாளில் என்ன எழுதுவது?

யார் வந்தார்கள், என்ன ஆக்கினோம், யாருக்கு எது ஆகாது. இந்த மூன்றாவது விவரத்துக்காகவே இந்த நோட்டு வைக்கலாம். பெரிய மாமனுக்குச் சர்க்கரை, நங்கையா வெள்ளிக்கிழமை விரதம், தம்பி பொண்ணுக்குக் கடலை சேராது. அடுத்த தரம் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆக்கினால், ‘ஞாபகம் வெச்சிருக்கீங்களே’ என்று அவர்கள் முகம் மலரும். அத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போட்டோம், மிஞ்சியதா பற்றவில்லையா என்பதையும் குறித்தால் அடுத்த விசேஷத்துக்குக் கணக்கு சுலபம். வந்தவர் ஏதாவது புத்தகம் சொல்லிவிட்டுப் போனால் அதையும் அவர் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இது உதவுமா?

உதவும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ராத்திரி சாப்பிட்டதற்குப் பக்கத்தில் மறுநாள் வெறும் வயிற்று அளவை எழுதுங்கள். களி, அரிசிச் சோறு, சந்தகை எது நம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று ஓரளவு தெரியும். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?

எழுதச் சொல்லுங்கள், திருத்தாதீர்கள். எழுத்துப்பிழையோடு ‘ரசம் காறம்’ என்று எழுதியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால்?

இன்றைய தேதியில் ஆரம்பியுங்கள். விட்டதை யோசித்து நிரப்ப வேண்டாம், யோசித்து எழுதுவது பாதி கற்பனையாகிவிடும். வேண்டுமானால் ‘நடவு வேலை, எழுதவில்லை’ என்றோ ‘அப்பாரு ஆஸ்பத்திரியில்’ என்றோ ஒரு வரி போடுங்கள். அந்த மாதத்துக்கு அதுவே பதிவு.

முடிந்த நோட்டுகளை எப்படிப் பாதுகாப்பது?

அட்டையில் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் எழுதி, சமையலறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கரப்பான் வரும், ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி வரும். ஒருநாள் நிழலில் காய வைத்து, துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கும். பக்கங்களைப் போனில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பக்கம்தான், அமுச்சியின் அளவுகள் இருக்கும் பக்கம். அதை முதலில் அனுப்புங்கள்.